மீதி நாற்பது சதவீதம்

ஜனவரி கடைசி வாரத்தில் ஏரி ரோஸ் நிறத்துக்கு மாறியபோது ராய்டன் கிரெக்குக்கு இருந்த ஒரே பயம் மழைதான். கூட்டுப் படைப்பு வாரியம் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு அப்போது தெரியாது. தெரியாமலேயே நாற்பத்தேழு வயது வரை சௌக்கியமாக இருந்துவிட்டான்.

மெல்பர்னில் வெஸ்ட்கேட் பாலத்துக்கு அடியில், தலைக்கு மேல் லாரிகள் இரைந்துகொண்டே இருக்கும் இடத்தில் அந்த உப்பு ஏரி இருக்கிறது. வருடத்தில் முக்கால்வாசி நாள் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரிக் கிடக்கும். கோடை முற்றி, வெயிலும் உப்பும் பதமாகச் சேர்ந்தால் திடீரென்று ஒருநாள் காலையில் ரோஸ் நிறமாகிவிடும். ஒரு நல்ல மழை பெய்தால் போச்சு, மறுபடியும் பாத்திரத் தண்ணீர். சில வருடம் நிறம் வருவதே இல்லை. போன வருடம் வரவில்லை, அதற்கு முந்தின வருடமும் வரவில்லை.

அந்த இரண்டு வருடமும் டெஸ்பினா காத்திருந்தாள். பிரன்ஸ்விக்கில் கல்யாண உடை விற்கும் கடை ஒன்றின் மாடியில் அவளுடைய பட்டறை. ராய்டனைவிட ஐந்து வயது மூத்தவள். ஏரியின் நிறத்தில் ஒரு பட்டு கவுன் தைத்து வைத்திருந்தாள். சும்மா ரோஸ் இல்லை. அந்த ஏரியின் ரோஸ். பதினெட்டுத் தடவை சாயம் முக்கி, பதினேழு தடவை குப்பையில் போட்டு, பதினெட்டாவதில் நிறம் பிடித்திருந்தாள். அதை உடுத்திக்கொண்டு ஒருத்தி கரையில் நின்றால் தண்ணீர் எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று தெரியக் கூடாது. அதுதான் படம். ஏரி பழைய நிறத்துக்கே திரும்பிவிட்டால் அந்த கவுன் வெறும் ரோஸ் கவுன். மாடிப்படி இறங்கினால் அந்தக் கடையில் அப்படி நாற்பது தொங்குகின்றன.

ராய்டன் ஃபேஷன் புகைப்படக்காரன். பதினொரு வருடமாக அவள் தைப்பதை இவன் படம் எடுக்கிறான். இதைக் கூட்டு முயற்சி என்று இருவருமே ஒருநாளும் சொன்னதில்லை, வேலை என்றுதான் சொல்வார்கள். வேலை நடக்கும் விதம் இப்படி: டெஸ்பினா திட்டுவாள். ராய்டன் வாயே திறக்காமல் விளக்கை இரண்டடி நகர்த்துவான். அதுதான் அவன் பதில். அந்தப் பதில் பிடிக்கவில்லை என்றால் அவள் போய் மாடலின் முதுகில் ஒரு கிளிப்பைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டுவாள். பத்திரிகையில் சிலை மாதிரி நிற்கிற எந்த அழகியின் பின்னால் போய்ப் பார்த்தாலும் துணி காயப்போடும் கிளிப்புகள் வரிசையாக இருக்கும். முன்னால் அழகு, பின்னால் கிளிப்பு. இப்படித் திட்டும் விளக்கும் கிளிப்பும் ஆறேழு தடவை போய்வந்த பிறகு, இரண்டு பேருமே நினைத்துப் பார்க்காத ஒரு படம் வரும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. டெஸ்பினாவின் படப்பிடிப்பில் யாரும் சும்மா நிற்க முடியாது. வேடிக்கை பார்க்க வந்தவர் கையில்கூட எதையாவது திணித்துவிடுவாள். மாடலை இறக்கிவிட வந்த டாக்சிக்காரர் ஒருவர் முக்கால் மணி நேரம் குடை பிடித்துவிட்டு, அடுத்த படம் எப்போது என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஏரிக்கரையில் படம் எடுக்க ஒரு பக்கப் படிவம் நிரப்பிக் கொடுத்தால் போதும், மறுநாள் அனுமதி வந்துவிடும். இந்த வருடம் படிவத்தின் அடியில் புதிதாக ஒரு வரி இருந்தது. 'படைப்பாளிகள் ஒருவருக்கு மேற்பட்டவராயின், கூட்டுப் படைப்பு வாரியத்தின் சான்றிதழை இணைக்கவும்.'

"ஒரே ஆள்னு எழுதிடு. உன் பேர மட்டும் போடு, நாளைக்கே எடுத்துரலாம்" என்றாள் டெஸ்பினா.

"கவுன நானா தச்சேன்? உன் பேர போடு."

"கேமராவ நானா அமுக்கறேன்? உன் பேருதான்."

அரை மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் இரண்டு பெயரையும் எழுதினார்கள். அவர்கள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

வாரியம் காலின்ஸ் தெருவில் பதினான்காவது மாடியில் இருந்தது. கூட்டுப் படைப்பாளிகள் ஒரே வாசல் வழியாக வந்தால் ஒருவர் செல்வாக்கு மற்றவர் மேல் படிந்துவிடும் என்பதால் இரண்டு வாசல் வைத்திருந்தார்கள். ராய்டன் கிழக்கு வாசல், டெஸ்பினா மேற்கு வாசல். உள்ளே நுழைந்ததும் இரண்டு வாசலும் ஒரே நாற்காலி வரிசையில்தான் போய் முடிந்தன.

தாம்சின் என்ற அதிகாரி ரொம்ப அன்பாக வரவேற்றாள். அந்த அலுவலகத்தில் எல்லாருமே அன்பாக இருந்தார்கள். அதைப் பார்த்ததுமே ராய்டன் வந்த வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"எவ்வளவு நாளா சேர்ந்து வேலை செய்றீங்க?"

"பதினோரு வருஷம்."

"ஆதாரம்?"

ராய்டன் பெரிய ஆல்பத்தைத் திறந்து வைத்தான். தாம்சின் ஒவ்வொரு பக்கமாக மரியாதையோடு புரட்டினாள்.

"ரொம்ப அழகா இருக்கு. ஆனா இதெல்லாம் விளைவு. நாங்க கேக்கறது கூட்டு முயற்சிக்கான ஆதாரம். மீட்டிங் குறிப்பு ஏதாவது இருக்கா?"

"நாங்க மீட்டிங் போட்டதே இல்லையே."

"அப்ப ரெண்டு பேரும் ஒத்துப்போயிட்டீங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"ஒத்துப்போனோம்னு யாரு சொன்னா?" என்றாள் டெஸ்பினா.

தாம்சின் எதையோ எழுதினாள். பிறகு, படம் எடுக்கும்போது என்ன நடக்கும் என்று விவரமாகக் கேட்டாள். டெஸ்பினா ஒளிக்காமல் சொன்னாள். திட்டுவேன், அவன் விளக்கை நகர்த்துவான், நான் கிளிப்பை மாற்றுவேன். தாம்சினின் முகம், டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்க்கும் முகமாகிவிட்டது.

"ஒருத்தர் பேசறார். இன்னொருத்தர் பதினோரு வருஷமா பேசவே இல்ல" என்றாள் மெதுவாக. ராய்டனைப் பார்த்து, "இனிமே கவலப்படாதீங்க. உங்க குரல நாங்க மீட்டுத் தரோம்" என்றாள்.

மீட்டெடுக்கும் வகுப்பு மூன்று செவ்வாய்க்கிழமை நடக்கும் என்று தெரிந்தது. ஏரி ரோஸாகி அதற்குள் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

ராய்டன் தினமும் காலையில் பாலத்துக்கு அடியில் போய் நின்றான். நிறம் சரிபார்க்க வைத்திருக்கும் கலர் அட்டையைத் தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து டெஸ்பினாவுக்குப் போன் செய்வான். "நேத்து மாதிரியேதான் இருக்கு." அடுத்த நாள், "ஒரு பொட்டு வெளுத்திருக்கோன்னு தோணுது." அதற்கடுத்த நாள், "இல்ல, மேகம்." மேகம் என்று சொன்னதும் இரண்டு பேரும் போனை வைத்துவிட்டு வானத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள். சாப்பிட உட்கார்ந்தாலும், வேறு வேலைக்குப் போனாலும், அவன் கண் ஜன்னல் பக்கமே போயிற்று. வானிலை அறிக்கையை ஒரு மணி நேரத்துக்கு நாலு தடவை பார்த்தான். ஒரே நாளில் எல்லாப் பருவமும் வந்துபோகும் மெல்பர்னில் அதைப் பார்த்து ஒரு பிரயோஜனமும் கிடையாது என்று அங்கே பிறந்த அவனுக்கு நன்றாகவே தெரியும்.

வகுப்பில் ஒரு கம்பளி நூல் பந்து இருந்தது. பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். சுவரில் மூன்று சொற்களை எழுதிக் குறுக்கே கோடு போட்டிருந்தார்கள்: அசிங்கம், தப்பு, முடியாது. இவை கூட்டு முயற்சியைக் காயப்படுத்தும் சொற்களாம். இவற்றுக்குப் பதில், 'ஆமாம், மேலும் எனக்கு ஓர் உணர்வு இருக்கிறது, பகிரலாமா?' என்று சொல்ல வேண்டும்.

முதல் செவ்வாய் தாம்சின் பந்தை ராய்டன் கையில் கொடுத்து நாலு நிமிடம் பேசச் சொன்னாள். அவன் பந்தைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான்.

"ஏரியோட தெக்குப் பக்கம் இன்னிக்குக் கொஞ்சம் வெளுத்திருக்கு" என்றான்.

"சொல்லுங்க. மனசுல இருக்கற எல்லாத்தையும் சொல்லுங்க."

"வடக்குப் பக்கம் பரவால்ல."

தாம்சினுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தன வருஷமா இத உள்ளேயே வச்சிருந்தீங்களே" என்றாள்.

இரண்டாவது செவ்வாய் பந்து டெஸ்பினாவிடம் போனது. மூன்று சொற்களும் இல்லாமல் நாலு நிமிடம் பேச வேண்டும். முதல் நிமிடத்தில் நாலு தடவை வாயைத் திறந்து மூடினாள். பிறகு பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரி, எதையும் சட்டென்று கற்றுக்கொள்வாள். மூன்றாவது செவ்வாய் முடிந்தபோது வகுப்பிலேயே முதல் மாணவி அவள்தான்.

நாலாவது வாரம் பங்கீட்டுப் படிவம். படத்தில் தன் பங்கு எத்தனை சதவீதம் என்று ஒவ்வொருவரும் தனித்தனி அறையில் உட்கார்ந்து எழுத வேண்டும். இரண்டும் சேர்ந்து நூறு வந்தால் சான்றிதழ். நூறைத் தாண்டினால் பேராசை. அதற்குத் தனி வகுப்பு இருக்கிறது. வாரியம் தொடங்கி மூன்று வருடத்தில் எல்லாருக்கும் நூற்று முப்பதுக்கு மேல்தான் வந்திருக்கிறது என்று தாம்சின் முன்கூட்டியே எச்சரித்தாள்.

ராய்டன் பதினெட்டு சாயத்தை நினைத்தான். முப்பது என்று எழுதினான். டெஸ்பினா தினமும் காலையில் கலர் அட்டையோடு போய் நிற்கிறவனை நினைத்து, அவளும் முப்பது என்று எழுதினாள்.

தாம்சின் கணிப்பொறியில் போட்டாள். மறுபடியும் போட்டாள். மேலதிகாரி ஒருவரைக் கூப்பிட்டு அவரையும் போடச் சொன்னாள்.

"அறுபதுதான் வருது" என்றாள்.

"வரட்டும், அதனால என்ன?" என்றான் ராய்டன்.

"மீதி நாப்பது சதவீதம் யாரு பண்றாங்க?"

டெஸ்பினா எட்டி, ராய்டனின் படிவத்தில் இருந்த முப்பதைப் பார்த்தாள்.

"உங்களவிட அதிகமா பங்கு இருக்கற ஒருத்தர மறைக்கறீங்க" என்றாள் தாம்சின். குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. "அவர் யாரு?"

"அப்படி யாரும் இல்லீங்க."

"அப்ப நாப்பது சதவீதம் எங்கேர்ந்து வருது?"

பதினொரு வருடமாக ராய்டனுக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. படம் எப்படி வருகிறது என்று அவனும் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறான். அதை அங்கே சொல்லவா முடியும்? அன்றைக்கே 'அடையாளம் தெரியாத மூன்றாம் நபர்' என்று ஒரு கோப்பு திறந்தார்கள். அப்படி ஒருவர் இல்லை என்றால், இல்லை என்று சத்தியக் கடுதாசி கொடுக்க வேண்டும். அதில் மூன்று பேர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"மூணாவது கையெழுத்து யாரோடது?" என்று டெஸ்பினா கேட்டாள்.

"மூன்றாம் நபரோடது. தான் இல்லன்னு அவரே சொன்னாத்தான் செல்லும்."

இதற்குள் மார்ச் பிறந்துவிட்டது. கவுனுக்கு அளவெடுத்த மாடல் பெண் வேறு வேலைக்கு அடிலெய்டு போய்விட்டாள். ஏரியின் வடக்குக் கரை காபிப் பொடி நிறத்துக்கு வந்திருந்தது. அதைச் சொல்ல ராய்டன் போன் செய்தான்.

"டெஸ்பினா, இன்னும் ஒரு வாரம் தாங்கினா அதிகம். வேற இடம் பாக்கலாமா? உப்பளம் ஏதாவது?"

பழைய டெஸ்பினாவாக இருந்தால் போனிலேயே காது கிழிந்திருக்கும். ரெண்டு வருஷம் சாயம் முக்கினது உப்பளத்துக்கா என்று ஆரம்பித்து, அவன் அப்பா வரை போயிருப்பாள். இப்போது குரலை உயர்த்தவே இல்லை.

"உன் கருத்துக்கு நன்றி, ராய்டன்" என்றாள். "அத நான் மதிக்கறேன்."

 பதினொரு வருடத்தில் அவள் அவனை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஏரி போனால்கூட இன்னொரு வருடம் வரும். இது போனால் வருமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அன்றைக்கே பதினான்காவது மாடிக்குப் போய், தலைவரைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். எந்த வாசல் வழியாக வந்தான் என்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

தலைவர் டாக்டர் ஓல்டம், தன்னை மெரிக் என்றே கூப்பிடச் சொன்னார். அவரே காபி கொண்டுவந்து கொடுத்தார்.

"உங்க அவசரம் எனக்குப் புரியுது" என்றார். "படைப்புல நாங்க தலையிடறதே கிடையாது, ராய்டன். படைப்புக்கு முன்னாடியும் பின்னாடியும்தான் தலையிடுவோம். நாங்க ஆரம்பிச்சு மூணு வருஷத்துல இந்த மாநிலத்துல ஒரு கூட்டு முயற்சிகூடத் தோத்ததில்ல."

"எத்தன நடந்திருக்கு?"

"இன்னும் எதுவும் ஆரம்பிக்கல. அதுதான் எங்க அடித்தளத்தோட பலம்."

"ஏரி வெளுத்துக்கிட்டிருக்குங்க."

"ஏரியும் விண்ணப்பத்துல ஒரு பங்குதாரரா?" என்று மெரிக் ஆர்வமாகக் கேட்டார். "நாப்பது சதவீதம்..."

"இல்ல இல்ல" என்று ராய்டன் அவசரமாக எழுந்துவிட்டான். ஏரியிடமும் கையெழுத்து வாங்கச் சொல்லிவிடுவார்கள்.

மெரிக் இறங்கிவந்தார். வாரியத்தின் ஆண்டறிக்கை அச்சுக்குப் போகிற நேரம், ஒரு படமாவது வேண்டியிருந்தது. தற்காலிகச் சான்றிதழ் கொடுத்தார். நிபந்தனை ஒன்று: வாரியத்தின் பார்வையாளர் ஒருவர் உடனிருப்பார். கூட்டு முயற்சி முறைப்படி நடக்கிறதா, மூன்றாம் நபர் தென்படுகிறாரா என்று கவனித்து அறிக்கை தருவார். விலக்கப்பட்ட சொற்கள் வந்தால் சான்றிதழ் ரத்து. தேதி, வரும் புதன்கிழமை.

புதன் மத்தியானம் மழை என்று அறிக்கை சொன்னது.

பார்வையாளர் கிளெனிஸ் பாஸ்கோ அவர்களுக்கு முன்பே ஏரிக்கரைக்கு வந்திருந்தாள். அறுபத்து மூன்று வயது. ஜூன் மாதம் ஓய்வு. முப்பது வருடம் மீன்வளத் துறையில் மீனவர்களின் வலைக்கண் அளவு சரியா என்று அளந்துவிட்டு, அந்தப் பிரிவை மூடியதால் வாரியத்துக்கு வந்தவள். ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். கையில் கெட்டி அட்டை நோட்டு.

"நான் ஒரு ஓரமா நின்னுக்கறேன். நான் இல்லன்னு நினைச்சுக்கோங்க" என்றாள்.

ஏரியில் நிறம் மிச்சமிருந்தது தெற்குக் கரையில் மட்டும்தான். ஒரு படுக்கை விரிப்பு அகலம் இருக்கும். மற்றதெல்லாம் பழுப்பு. மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. புதிய மாடல் அக்குவோல், கவுனை மாட்டிக்கொண்டு உப்புப் படிந்த கரையில் நின்றாள். நெடுநெடுவென்ற பெண். அளவெடுத்தவளைவிட மெலிந்தவள், அதனால் முதுகு நெடுக கிளிப்பாகவே இருந்தது.

"ராய்டன், வெளிச்சம் பத்தி எனக்கு ஓர் உணர்வு இருக்கு. பகிரலாமா?"

"தாராளமா, டெஸ்பினா."

"இன்னும் கொஞ்சம் மென்மையா இருக்கலாமோன்னு."

"ஆமாம், மேலும் முயற்சி பண்றேன்."

இருபது நிமிடம் இப்படி ஓடியது. கேமராவின் பின்பக்கத் திரையில் வந்ததையெல்லாம் ராய்டன் பார்த்தான். எல்லாம் செத்துக்கிடந்தன. சோப்பு விளம்பரத்துக்குக்கூட ஆகாது. டெஸ்பினாவும் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, "சுவாரசியமா இருக்கு" என்றாள்.

அக்குவோல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏங்க, உங்க வீட்டுல யாராவது செத்துட்டாங்களா?"

அப்போதுதான் காற்று அடித்தது. முதுகிலிருந்து இரண்டு கிளிப் தெறித்துத் தண்ணீரில் விழுந்தன. கவுன் ஒரு பக்கமாகச் சரிந்து இடுப்பில் சாக்குமூட்டை மாதிரித் தொங்கியது. ராய்டன் அதைக் கவனிக்காமல் பொத்தானை அழுத்திவிட்டான்.

"டேய் ராய்! கண்ணா அது, இல்ல பொத்தானா?" டெஸ்பினாவின் குரலில் பாலத்தின் மேலிருந்த லாரிச் சத்தம் அமுங்கிப்போனது. "துணி தொங்குது, பாலத்து நிழல் அவ மூஞ்சில விழுது, நீ பாட்டுக்கு அமுக்கிட்டே இருக்க. அசிங்கமா இருக்குடா. தப்பான எடத்துல நிக்கற. இத வச்சு என்னால ஒண்ணும் பண்ண முடியாது!"

மூன்று சொல்லும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. கிளெனிஸ் நோட்டைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

ராய்டன் வாயே திறக்கவில்லை. கேமராவின் முக்காலியை இரண்டடி இடது பக்கம் நகர்த்தினான். அவனுக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

டெஸ்பினா கிளிப்புப் பையைத் துழாவினாள். காலி. சுற்றிலும் பார்த்தாள். கரையில் ஒரு ஆள் சும்மா நின்றுகொண்டிருந்தது.

"அங்க நின்னு என்ன பண்றீங்க? இங்க வந்து இதப் பிடிங்க."

"நான் பார்வையாளரா வந்திருக்கேன்."

"பாத்துக்கிட்டே பிடிங்க. யாரு வேணாங்கறா?"

கிளெனிஸ் வானத்தைப் பார்த்தாள், பிறகு நோட்டை உப்பின் மேல் வைத்துவிட்டுப் போய் அக்குவோலின் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டாள். துணியை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்தாள். அங்கிருந்து அவளுக்கு ஒரு முதுகைத் தவிர எதுவும் தெரியாது.

"ராய், இன்னும் கீழ போ."

அவன் கேமராவைக் கழற்றிக்கொண்டு சேற்றில் படுத்தான்.

"இப்ப என்ன நடக்குது?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"பேசாதீங்க, துணி ஆடுது."

கொஞ்ச நேரம் பொறுத்து அந்தக் குரலே, "வலைய இழுத்துக் கட்டுற மாதிரி, அடிப்பக்கத்தத் தண்ணியோட சேத்து இழுத்துப் பாக்கட்டா?" என்றது. பதிலுக்குக் காத்திராமல் கிளெனிஸ் ஒரு காலை நீட்டி, கவுனின் பின்விளிம்பைப் பூட்ஸால் மிதித்துத் தண்ணீருக்குள் இறக்கி இழுத்தாள். பட்டு விறைத்து நின்றது. ஈரம் ஏறி, துணியும் தண்ணீரும் ஒன்றாகப் போயின. இரண்டு வருடமாக நினைத்தும் டெஸ்பினாவுக்குத் தோன்றாத விஷயம் அது. பட்டை நனைக்கலாம் என்று எந்தத் தையல்காரிக்குத் தோன்றும்?

டெஸ்பினா திட்டுவதை நிறுத்திவிட்டாள். ராய்டன் பதினோரு தடவை அழுத்தினான்.

மழை பதினொன்றே முக்காலுக்கு வந்தது. அரை மணி நேரத்தில் ஏரி முழுக்கப் பாத்திரத் தண்ணீர் ஆனது. நாலு பேரும் காருக்குள் ஒடுங்கி உட்கார்ந்து, டெஸ்பினா கொண்டுவந்த, கீரை வைத்துச் சுட்ட பலகாரத்தைப் பிய்த்துத் தின்றார்கள். நனைந்த பட்டின் சாயம் ஏறி, கிளெனிஸின் கை இரண்டும் ரோஸாக இருந்தன.

"மூணு சொல் சொன்னேன் இல்ல?" என்றாள் டெஸ்பினா. "எழுதிட்டீங்களா?"

"எழுதறதுக்குக் கை எங்க இருந்துச்சு?" என்றாள் கிளெனிஸ்.

பட்டறையில் பெரிய திரையில் பார்த்தபோது, பதினோரு படத்தில் ஒன்பதாவது அதுதான் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. ஏரியே எழுந்து நின்ற மாதிரி அக்குவோல் நின்றாள். ஒரே ஒரு குறை. இடுப்பின் இடது ஓரத்தில், துணி மடிப்பில், மூன்று விரல் நுனிகள் தெரிந்தன.

"அழிச்சிரவா?" என்றான் ராய்டன்.

"அதுல கைய வச்ச, ஒடிச்சிருவேன்."

அவன் அழிக்கவில்லை.

கிளெனிஸின் அறிக்கை நகல் பத்து நாள் கழித்துத் தபாலில் வந்தது. இருபத்திரண்டு கேள்வி. பெரும்பாலானவற்றுக்கு ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தாள். பதினாலாவது கேள்வி: 'கூட்டு முயற்சி முறைப்படி நிகழ்ந்ததை நேரில் கண்டீர்களா?' அதற்கு, 'தெரியாது. நான் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்' என்று எழுதியிருந்தாள். பதினைந்தாவது: 'மூன்றாம் நபர் தென்பட்டாரா?' 'முகம் தெரியவில்லை. கை தெரிகிறது.'

'தெரியாது' என்ற பதிலுக்கு வாரியத்தின் கணிப்பொறியில் இடமில்லை. சான்றிதழை ரத்து செய்ய 'இல்லை' வேண்டும், உறுதி செய்ய 'ஆம்' வேண்டும். இரண்டும் இல்லாததால் கோப்பு அப்படியே நின்றுபோனது. தற்காலிகச் சான்றிதழ் இன்றைக்கும் தற்காலிகமாகவே செல்லுபடியாகிறது. ஏப்ரல் மாத ஃபேஷன் விழாவில் படம் பெரிய சுவரில் தொங்கியது. அடியில் மூன்று பெயர். மூன்றாவது யார் என்று கேட்டவர்களுக்கு டெஸ்பினா, "மீதி நாப்பது சதவீதம்" என்று சொன்னாள்.

விழாவில் மெரிக் பேசினார். "இந்தப் படத்தைப் பாருங்கள். எங்கள் வாரியம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், இது ஆறு வாரத்துக்கு முன்பே எடுக்கப்பட்டிருக்கும்" என்றார். கூட்டம் கைதட்டியது. அவருக்கும் அந்த வாக்கியம் பிடித்துப்போய் இன்னொரு தடவை சொன்னார்.

ஜூலையில் வாரியத்தின் புதிய கையேடு வந்தது. 'வெற்றிகரமான கூட்டு முயற்சிக்கு இருபத்திரண்டு படிகள்.' அட்டை முழுக்க அவர்களுடைய படம். ராய்டன் அதைப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனபோது, ஓய்வுபெற்றதிலிருந்து வியாழக்கிழமைதோறும் வந்துகொண்டிருந்த கிளெனிஸ் அன்றைக்கும் வந்து, ஒரு மாடலின் முதுகுக்குப் பின்னால் முட்டிபோட்டுக்கொண்டிருந்தாள். வாயில் நாலு கிளிப்.

அவன் அட்டையைக் காட்டினான். இடுப்பின் இடது ஓரத்தில் விரல்களைக் காணோம். யாரோ தொழில் நன்றாகத் தெரிந்தவர்தான் செய்திருக்க வேண்டும். தழும்புகூட இல்லாமல் சுத்தமாகத் துடைத்திருந்தார்கள்.

கிளெனிஸ் கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லா பண்ணியிருக்காங்க" என்றாள். "துணி தானாவே நிக்குது பாரு."